வளைகாப்பில் பான்ஜோ வாசித்த தேவராஜ்

"காதுல விழாத மாதிரி வாசிக்கிறதுக்கு எதுக்குப்பா ஒரு வாத்தியம்?"

ஆவடிக் குடியிருப்பில் மெல்லிசைக் குழு நடத்திவந்த குணசேகரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையின்போது இப்படிக் கேட்டார். பிற்பாடு இதை எழுத உட்கார்ந்த எனக்கும் வெகுநாள் அந்தக் கேள்விக்கு விடை தெரியாமலேதான் இருந்தது. தேவராஜ் சிரித்து வைத்தார். மடியிலிருந்த வாத்தியத்தைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

தேவராஜ் தையல்காரர். பட்டாளத்துக்காரர்களுக்கு உடை தைக்கும் ஆவடித் தொழிற்சாலையில் அவருக்குக் காலர் தைக்கிற வேலை. பனிமலையிலும் பாலைவனத்திலும் நிற்கிற யார் யாருடைய கழுத்தையோ தன் தையல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதில் அவருக்கு வெளியே சொல்லாத ஒரு பெருமை உண்டு. சொந்த ஊர் காட்டுப்பாக்கம். மனைவி பார்வதம் பூந்தமல்லிக்காரி, மல்லிகைத் தோட்டத்தில் வேலைசெய்த குடும்பத்துப் பெண்.

வாத்தியம் அவரிடம் வந்த விதமே ஒரு வேடிக்கை. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் வீட்டுச் சாமான்களை விற்கிறது, அதில் நல்ல தையல் மிஷின் ஒன்றும் இருக்கிறது என்று கேள்விப்பட்டு அவர் போனார். மிஷின் அதற்குள் கைமாறிவிட்டது. வெறுங்கையோடு திரும்பியவரை அந்த வீட்டம்மாள் கூப்பிட்டு, சுவரில் மாட்டியிருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வட்டமான தோல் முகம். சுற்றிலும் தோலை இறுக்கிப் பிடிக்கும் திருகாணிகள். அதிலிருந்து நீளும் ஒரு குட்டைக் கழுத்து, நாலே நாலு நைலான் நரம்பு. கஞ்சிராவுக்குக் கழுத்து முளைத்த மாதிரி இருந்தது. பான்ஜோ உக்குலேலே என்று அந்த அம்மாள் பெயர் சொன்னாள். இரண்டாவது சொல் தேவராஜின் வாயில் நுழையவில்லை. பான்ஜோ என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

சுட்டுவிரல் நகத்தால் நாலு நரம்பையும் ஒரே வீச்சில் அடிப்பதுதான் அவருக்குத் தெரிந்த வாசிப்பு. அவர் கையில் அந்தச் சின்ன வாத்தியம் போட்ட சத்தம் கொஞ்சமல்ல. சரக்கு ரயில் கடந்து போனாலும் தேவராஜின் பான்ஜோ கேட்கும் என்பார்கள். அந்தச் சத்தத்துக்காகவே குணசேகரன் அவரைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

வீட்டில் உண்மையாகவே சங்கீதம் தெரிந்தது பார்வதத்துக்குத்தான். யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. ஆனால் குடியிருப்பிலும் சுற்று வட்டாரத்திலும் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு எதுவானாலும் பாட்டுக்குப் பார்வதத்தைத்தான் கூப்பிடுவார்கள். தெருமுனையில் நின்றால் போதும், எந்த வீட்டில் விசேஷம் என்று அவள் குரலை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

அறுபத்தெட்டாம் வருஷம் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். உடம்பு தேறியது, குரல் தேறவில்லை. மெலிந்து, பாதி காற்றாகிவிட்டது. பழைய உயரத்துக்கு எடுத்துப் பாடினால் கிழிந்தது. பேசிப்பேசிச் சரியாகும் என்றார்கள். அவளோ பேச்சையும் குறைத்துக்கொண்டாள். கழுத்துத் தழும்பை மறைக்க ஒரு ஃபிளானல் துணியைச் சுற்றிக்கொண்டு, சித்திரை வெயிலில்கூட அதைக் கழற்றாமல் நடமாடினாள். விசேஷ வீடுகளுக்குத் தேவராஜ் தனியாகப் போய் மொய் எழுதிவிட்டு வந்தார். பார்வதம் வரவில்லையா என்று கேட்டவர்களுக்குத் தலைவலி என்று சொன்னார். எத்தனை தலைவலிதான் சொல்லமுடியும்?

மறுவருஷம் ஆவணியில் கண்ணம்மா வந்தாள். தேவராஜோடு அதே தொழிற்சாலையில், குடோனில் மூட்டை தூக்கும் வேம்புலியின் மகள் அவள். வேம்புலிக்குப் பக்கத்துப் பருத்திப்பட்டுதான் ஊர். ஆடி மாதம் வந்துவிட்டால் அம்மன் கோயிலில் பம்பை அடிக்கிற கை அவருடையது. கண்ணம்மாவுக்குக் காது குத்தும்போதும், அவள் வயதுக்கு வந்தபோதும், கல்யாணத்தின்போதும் பார்வதம்தான் பாடினாள். இப்போது அவள் முழுகாமல் இருந்தாள். கார்த்திகையில் வளைகாப்பு வைத்திருக்கிறது, வந்து பாடவேண்டும் என்று கேட்டாள்.

பார்வதம் கழுத்துத் துணியைத் தொட்டுக்காட்டித் தலையை ஆட்டினாள்.

கண்ணம்மா விடவில்லை. "அத்தே, நீ பாடலன்னா எனுக்கு வளையலே வாணாம். வெறுங்கையோடவே பெத்துக்குறேன்."

சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டாள். அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் அடுப்படியிலிருந்து ஏதோ கேட்டது. தேவராஜ் எட்டிப் பார்த்தார். அவள் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்ப் பான்ஜோவை எடுத்துவந்து அவளுக்குத் துணையாக ஒரு வீச்சு வீசினார். அந்த வீச்சில் ஒரு வரிப் பாட்டு காணாமல் போனது. இரண்டாவது வீச்சில் பாட்டே நின்றுவிட்டது.

"நீ வாசிக்கசொல்ல நான் பாடுறது எனுக்கே கேக்கலய்யா" என்றாள் பார்வதம். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

அவள் தனியாகப் பாடட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் பக்கத்தில் ஒரு சுருதி ஓடினால்தான் அவளுக்குத் தைரியம் வந்தது. இல்லாவிட்டால் இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டாள். ஆகவே பான்ஜோ வேண்டும், அதன் சத்தம் வேண்டாம். இப்படி ஒரு காரியத்தைத் தேவராஜ் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை.

தொழிற்சாலையில் துணி வெட்டும் மாஸ்டர் சுலைமானிடம் கேட்டார். சுலைமான் ஒருகாலத்தில் மவுண்ட் ரோடு ஓட்டல்களில் வாசிப்பவர்களுக்குக் கோட்டு தைத்துக் கொடுத்தவர். அவர்கள் அடிப்பதில்லை, ஒவ்வொரு விரலாலும் தனித்தனியாக நரம்பைக் கிள்ளுவார்கள், சிலர் விரல் நுனியில் தகட்டில் ஒரு தொப்பி மாட்டிக்கொள்வார்கள் என்று அவர் சொன்னார்.

விரலுக்குத் தகட்டுத் தொப்பி என்றால் ஒரு தையல்காரருக்கு என்ன தோன்றும்? அன்று மாலையே தேவராஜ் வீட்டிலிருந்த அங்குஸ்தான்களையெல்லாம் தேடி எடுத்தார். கையால் தைக்கும்போது ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டுகிற இரும்புக் குப்பிகள் அவை. மூன்று விரலில் மூன்றை மாட்டிக்கொண்டு பான்ஜோவைத் தொட்டார். தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை விழுந்தமாதிரி இருந்தது. ஓர் அங்குஸ்தான் கழன்று நரம்புகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல்முறையாகப் பார்வதம் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பும் பாதி காற்றாகத்தான் வந்தது. ஆனாலும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அங்குஸ்தானைப் பிற்பாடும் இரண்டொரு முறை வேண்டுமென்றே மாட்டிக்கொண்டதாகத் தேவராஜ் சொல்வார்.

வெறும் விரலால் கிள்ளத் தொடங்கினார். அப்போதுதான் தெரிந்தது, காலர் தைத்துப் பழகிய விரல்கள் கூட்டமாகவே வேலை செய்கின்றன என்று. சுட்டுவிரலை நகர்த்தினால் நடுவிரலும் கூடவே ஓடியது. இன்னொரு தொல்லையும் இருந்தது. பெருவிரலுக்குப் பக்கத்தில் இருக்கிற நரம்பு தடித்த ஒலி தரும் என்று நினைத்தார், அதுவோ கீச்சென்றது. கனத்த ஒலி அதற்கு அடுத்த நரம்பில் இருந்தது. வரிசையாகக் கிள்ளினால் ஒலி வரிசையாக வராமல் முன்னும் பின்னும் தாவியது.

பார்வதம் பக்கத்தில் உட்கார்ந்து மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் படுகிற பாட்டைப் பார்த்துப் பொறுக்காமல் தன் கையை நீட்டிக் காட்டினாள். இடதுகை விரலிடுக்கில் பூக்காம்புகள் அசையாமல் இருந்தன. வலதுகையில் ஒரு விரல் நாரை வளைத்தது, ஒரு விரல் இழுத்தது.

"எல்லா வெரலும் ஒரே வேலைக்கு ஓடுனா பூ நசுங்கிப்பூடும். ஒண்ணொண்ணுக்கும் ஒரு வேல குடு. சும்மா கீற வெரலுக்கும் குடு. அது புடிச்சுக்கினு இருக்கட்டும்."

அதுதான் அவருக்குக் கிடைத்த பாடம். மேலிரண்டு நரம்பையும் பெருவிரலிடம் விட்டார். அடுத்தது சுட்டுவிரலுக்கு, கடைசி நடுவிரலுக்கு. மோதிரவிரலும் சுண்டுவிரலும் தோல்மேல் லேசாக ஊன்றி நின்றன. அவை ஊன்றியதும் கை நடுக்கம் குறைந்தது, தோலின் அதிர்வும் தணிந்தது. முதலில் பெருவிரல் கனத்த நரம்பைத் தொடவேண்டும். பிறகு சுட்டுவிரல், பிறகு பெருவிரல் மேலேறிக் கீச்சு நரம்பு, கடைசியாக நடுவிரல். இந்த வரிசையைத் தொழிற்சாலை மேஜை விளிம்பில், சாப்பாட்டுத் தூக்கின் மூடியில், சைக்கிள் கைப்பிடியில் என்று போகிற இடமெல்லாம் தட்டினார். விரலில் ஏதும் வாதமா என்று மேற்பார்வையாளர் அக்கறையாக விசாரித்தார்.

அந்த நாட்களில்தான் குழுவின் ஒத்திகையிலும் அவர் விரலால் கிள்ளி வாசித்துப் பார்த்தார். குணசேகரன் அந்தக் கேள்வியைக் கேட்டதும் அப்போதுதான். அவர்மேல் தப்பில்லை. டிரம்முக்கும் அக்கார்டியனுக்கும் நடுவே கிள்ளல் யாருக்குக் கேட்கும்? பழையபடி அடித்து வாசித்தால் குழுவில் இருக்கலாம் என்றார். விரல் மறுபடியும் கூட்டமாக ஓடப் பழகிவிடும் என்ற பயத்தில் தேவராஜ் குழுவுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகும் தோல் கொஞ்சம் அதிகமாகவே ஒலித்தது. ஒருநாள் பார்வதம் கழுத்தைச் சுற்றியிருந்த ஃபிளானலைக் கழற்றி மடித்து, வாத்தியத்தின் பின்பக்கம் தோலுக்கு அண்டைகொடுத்துச் செருகினாள். கழுத்தில் இருந்தால் புழுங்குகிறது, இங்கேயாவது உபயோகப்படட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒலி சட்டென்று மெத்தென்றாகிவிட்டது. ஆனால் தேவராஜுக்கு அப்போது மனதில் தங்கியது ஒலியல்ல, தழும்போடு வெளியே தெரிந்த அவள் கழுத்துதான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் தோல் தொய்ந்தது, நரம்புகள் செத்த ஒலி கொடுத்தன. தேவராஜ் திருகாணிகளை இறுக்கினார். மறுநாள் மறுபடி தொய்ந்தது, மறுபடி இறுக்கினார். வளைகாப்புக்கு ஒரு வாரம் இருக்கையில் வேம்புலி வந்து அந்தத் தோலைச் சுண்டிப் பார்த்தார். தோல் என்றால் அவருக்குக் கைவந்த சங்கதி. ஆடி மழையில் பம்பை தொய்ந்தால் என்ன செய்வாரோ அதையே செய்யலாம் என்றார்.

"இன்னா மச்சான், இதுக்குப் போயி மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு. நாலு வைக்கோலப் பத்தவெச்சுக் காட்டுனா டங்குனு நிக்கும்."

காட்டினார்கள். ஃபிளானலை எடுத்துவிட்டு, வைக்கோல் நெருப்பின்மேல் வேம்புலி வாத்தியத்தை வாகாகச் சுற்றிச் சுற்றிக் காய்ச்சினார். தோல் இறுகியது. சுண்டினால் வெண்கலம்போல் ஒலித்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பம்பைத் தோல் கயிற்றில் நிற்கிறது, சூட்டில் இழுத்தால் கயிறு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இது திருகாணியில் நிற்கிறது, அதுவும் ஏற்கெனவே முறுக்கோடு முறுக்காக இறுக்கியது. அது இருவருக்கும் உறைக்கவில்லை. ஒரு வெடிச்சத்தம் கேட்டது. தோல் ஓரத்திலிருந்து ஓரம்வரை கிழிந்து வாய் பிளந்தது.

வேம்புலி அப்படியே குந்திவிட்டார். "ஐயோ மச்சான், எம்பொண்ணு பாட்ட நானே கெடுத்துப்புட்டனே."

தேவராஜ் அவரைத் திட்டவில்லை. பார்வதத்திடம் சொன்னார். அவள் உள்ளே போய் வேலையைப் பார்த்தாள். அன்று அவள் பாடவில்லை, மறுநாளும் பாடவில்லை. இனிமேல் பாடமாட்டாள் என்றே அவருக்குத் தோன்றியது.

வேம்புலி தன் பம்பைக்கென்று பதப்படுத்தி வைத்திருந்த ஆட்டுத்தோலைக் கொண்டுவந்தார். ஊறவைத்து, வளையத்தில் இழுத்துக் கட்டினார். வெயில் இல்லை. அவசரப்பட்டு நெருப்புப் பக்கம் கொண்டுபோக இருவருக்கும் இனி மனமில்லை. அடுப்படிப் பரணுக்குக் கீழே வெறும் வெதுவெதுப்பில் தொங்கவிட்டார்கள். வேம்புலி தினமும் வேலை முடிந்ததும் வந்து, நோயாளியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி தோலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

வளைகாப்புக்கு முந்தின நாள் தோல் காய்ந்தது. பழையதைவிடத் தடிமனான தோல். இருவருக்கும் பயம். பூப்போலத் திருகாணியைத் திருப்பினார்கள், இறுக்கவேயில்லை. நரம்புகளையும் பழைய அளவுக்கு முறுக்கத் துணியாமல் வெகுவாகத் தணித்தே கட்டினார் தேவராஜ். ஃபிளானலைத் திரும்பச் செருகினார். விரலால் தொட்டார். அடித்தொண்டையில் யாரோ முனகுவதுபோல ஓர் ஒலி வந்தது. இது தேறாது என்று நினைத்தார்.

அடுப்படியில் பார்வதம் அந்த ஒலியோடு சேர்ந்து பாடத் தொடங்கியிருந்தாள்.

குரல் கிழியவில்லை. அவர் விரல் நிற்காமல் ஓடியது, அவளும் நிறுத்தவில்லை. இத்தனை நாளும் அவள் தன் பழைய குரலின் உயரத்துக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், எட்டியபோதெல்லாம் கிழிந்தது. இவ்வளவு கீழே இறங்கிவந்து பாடிப் பார்க்க இருவருக்குமே தோன்றியதில்லை. கீழே அந்தக் குரலுக்கு இடம் இருந்தது. வேம்புலி கிழித்த தோல்தான் அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது.

மறுநாள் பருத்திப்பட்டில் வேம்புலியின் வீட்டு முன்னறையில் பெண்கள் கூட்டம் நெருக்கியடித்தது. ஆண்கள் வெளியே பந்தலில் இருந்தார்கள். வளைகாப்பு நடக்கிற அறையில் ஆணுக்கு என்ன வேலை? தேவராஜ் வாசலுக்கு வெளியிலேயே உட்கார்ந்து வாசிக்கிறேன் என்றார். அங்கிருந்து வாசித்தால் பார்வதத்துக்கே கேட்காது. வேம்புலியின் மனைவி குப்பம்மா வழி சொன்னாள்.

"உள்ள வா அண்ணே. ஆனா இங்க குந்துற கைக்கு வளையல் உண்டு. அது எங்க ஊட்டுச் சட்டம்."

பெண்கள் சிரிப்பில் கூரை அதிர, அவருடைய வலது மணிக்கட்டில் ஒரு பச்சை வளையல் ஏறியது. தையல்காரருக்கு அளவு சரியாக இருக்கிறதா என்று ஒருத்தி கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கதவு மூலையில் உட்கார்ந்தார்.

முதலில் வேப்பிலைக் காப்பு, பிறகு கண்ணாடி வளையல். ஒவ்வொருத்தியும் கண்ணம்மாவின் கையில் அடுக்கிவிட்டுத் தானும் போட்டுக்கொண்டாள். அறை முழுக்க வளையல் சத்தம். வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளைக்குக் கேட்கவேண்டும் என்றுதானே இந்த விசேஷமே. குலுக்கக் குலுக்கத்தான் அழகு. அந்தச் சத்தத்துக்கு நடுவே பார்வதம் தொடங்கினாள். அவள் அம்மா மல்லிகைத் தோட்டத்தில் பாடிய தாலாட்டு. உதடு அசைவது தெரிந்தது, பாட்டு கேட்கவில்லை.

அவள் தேவராஜைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் அறிவார். அடுத்த வரியில் அவள் நிறுத்திவிடுவாள். பலமாக ஒரு வீச்சு வீசிக் கூட்டத்தை அடக்கிவிடலாமா என்று கை துடித்தது. அப்படி வீசினால் அவள் குரலும் சேர்ந்து அடங்கிப்போகும். அவர் மோதிரவிரலைத் தோலில் இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டார். பெருவிரல், சுட்டுவிரல், பெருவிரல், நடுவிரல். முன்னைவிட மெதுவாக வாசித்தார்.

முதலில் கண்ணம்மாதான் கவனித்தாள். தன் இடதுகை வளையல்களை வலதுகையால் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்த குப்பம்மா அதைப் பார்த்துத் தன் வளையல்களைப் பொத்திக்கொண்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள். யாரும் யாருக்கும் சைகைகூடக் காட்டவில்லை. ஒரு கை மறுகையைப் பிடிக்க, வளையல் சத்தம் மூலை மூலையாக அடங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் அறை முழுக்கப் பெண்கள் தங்கள் மணிக்கட்டைத் தாங்களே பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அசைந்த வளையல் ஒன்றே ஒன்று, கதவு மூலையில் இருந்த பச்சை வளையல். அது எப்போதாவது தோலில் பட்டு மெல்லக் கிணுங்கியது.

பார்வதம் தாலாட்டை முழுக்கப் பாடி முடித்தாள். கழுத்தை மூடிக்கொள்ளாமல் பாடினாள்.

கண்ணம்மா இரண்டு கையையும் தூக்கிக் குலுக்கினாள். உடனே எல்லாரும் குலுக்கினார்கள்.

வெளியே பந்தலில் கட்டுச்சாதத்துக்காகக் காத்திருந்த குணசேகரன், பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்று வேம்புலியைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலில் காதை ஒட்டிவைத்திருந்த வேம்புலி கண்ணைத் துடைத்துக்கொண்டு, முடிந்துவிட்டது என்றார். தன் கேள்விக்கான விடை ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது குணசேகரனுக்குத் தெரியாது. பிறகு தேவராஜே அவரிடம் சொன்னார். குணசேகரன் நல்ல மனிதர். கேட்டுவிட்டு ஒருநாள் வீட்டுக்கே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார்.

கண்ணம்மாவுக்கு மாசியில் பெண் பிறந்தது. தூளியில் போட்ட அன்றும் பார்வதம் பாடினாள். அதன்பிறகு விசேஷ வீடுகளுக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். பழையபடி தெருமுனைவரை கேட்கிற குரல் திரும்பவில்லை. கேட்க வேண்டியவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அந்தப் பச்சை வளையலைத் தேவராஜ் உடைக்காமல் பான்ஜோவின் கழுத்தில் மாட்டிவைத்திருக்கிறார். யாராவது அவர் விரல் வித்தையைப் புகழ்ந்தால் பூ தொடுத்த கையைச் சொல்வார், அங்குஸ்தானை நினைக்கவைத்த சுலைமானைச் சொல்வார், எல்லாரையும்விட அதிகமாகத் தோலைக் கிழித்த வேம்புலிக்கு நன்றி சொல்வார். வேம்புலிக்கு மட்டும் இன்றுவரை அது கேலியா நன்றியா என்று சந்தேகம்.

அம்பத்தூர் பக்கமோ பூந்தமல்லி பக்கமோ, எந்த ஊரானாலும் சரி, குரல் தணிந்துபோனதால் வாயை மூடிக்கொண்ட ஒருவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருக்கக்கூடும். இதைப் படித்தவர்கள் தயவுசெய்து அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். சத்தம்போட்டுச் சொல்லவேண்டாம். அவர் காதுக்கு எட்டினால் போதும்.